இடது கண்ணுக்குக் கீழே

வாட்டர்லூ ஸ்திரீட்டில்
என் மடக்கு நாற்காலிக்கும் சுவாவின் மடக்கு மேசைக்கும் நடுவே
ஒரு குடையின் நிழல்தான் எல்லை.
அவர் முகம் பார்த்துச் சொல்கிறார்.
நான் முகம் பார்த்து வரைகிறேன்.
இருவருக்கும் பதினைந்து வெள்ளி.

சுவாவிடம் ஒரு பிளாஸ்டிக் முகம் உண்டு.
காதில் தொடங்கி தாடையைச் சுற்றி முடிகிற நூறு எண்கள்,
ஒவ்வொன்றும் ஒரு வயது.
பிள்ளைப்பிராயம் முழுக்கக் காதிலேயே கழிகிறது.
நாற்பத்தெட்டு, மூக்கு நுனி.
"அடுத்த வருஷம் நீ அங்கே வந்துவிடுவாய்" என்பார்,
பாதி மலாயில், பாதி கையில்.
"சதைப்பிடிப்பான மூக்கு. காசு நிற்கும்."
இந்த வருஷம் நான் நிற்கிற இடம் எப்படி என்று கேட்டால்
டீ ஆறுகிறது என்பார்.

எனக்கும் கொஞ்சம் தெரியும்.
கூடிய புருவம் பிடிவாதம், தொங்கும் காதுமடல் யோகம்;
அடுத்த வீட்டுக்காரருக்கு லாட்டரி விழுந்தால்
மச்சக்காரன் என்று வயிறெரிகிற வீட்டில் வளர்ந்தவள்.
பென்சில் பிடித்த பிறகு வேறு கணக்கு.
இரண்டு கண்ணுக்கு நடுவே இன்னொரு கண் கொள்ளும் இடம்.
எந்த முகத்துக்கும் இரு பாதி ஒன்றாயிருப்பதில்லை.
சிரிக்கச் சொன்னால் ஒரு பாதி உடனே வரும்,
மறுபாதி யோசித்துவிட்டு வரும்.
யோசிக்கிற பாதியைத்தான் நான் பார்ப்பது.
வரைவது மற்றதை.
சுற்றுலாக்காரர்களுக்குப் பத்து வயது குறைத்துத் தருகிறேன்,
யாரும் திருப்பித் தந்ததில்லை.
சுவா குறைக்கமாட்டார்.
ஃபோர்டி நம்பர் கேட்டு வந்த ஒருவனை
"கண் மஞ்சள், முதலில் டாக்டர்" என்று காசு வாங்காமல் துரத்தினார்.

போன வெள்ளிக்கிழமை மங்கையர்க்கரசி வந்தார்,
போனில் மகளின் படத்தோடு.
ஜோகூர் மாப்பிள்ளை வீடு அதை நாகர்கோவிலுக்கு அனுப்ப,
ஜோசியர் குரல் அனுப்பினாராம், முப்பது வினாடி:
இடது கண்ணுக்குக் கீழே மச்சம்,
கட்டியவனுக்கு ஆகாது.
நித்திலா தன்டோக்செங்கில் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
எலும்புக்கு மச்சமில்லை அம்மா என்று சிரித்துவிட்டு
இரவு வேலைக்குப் போய்விட்டாள்.

"மச்சம் இல்லாமல் வரைந்து கொடுங்கள்."
போனிலேயே அழிக்கலாமே என்றேன்.
"அழித்தேன். அழித்தது தெரிகிறது.
ஓவியத்தை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்."

அந்த வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு
நாற்பது நிமிஷம் வரைந்தேன்.
நெற்றி, மூக்கு, அழுத்தி மூடிய உதட்டின் ஓரம்,
ஒன்றும் அளவு தப்பவில்லை.
வாங்கித் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார்.
"யார் இது?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை.
பலகையில் படிந்திருந்த கரிப்பொடியை
மோதிர விரலால் தொட்டார்.
பால்குடிப் பிள்ளையைக் குளிப்பாட்டி
கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கிற அதே சாய்வில்
வைத்தார்.
அளக்கவில்லை. படத்தைப் பார்த்தாரா என்றுகூடச் சொல்லமுடியாது.
மயிரிழை பிசகவில்லை.
தாளில் இருந்தவள்
கூப்பிட்டதும் திரும்பியவள்போல் ஆனாள்.

எட்டிப் பார்த்த சுவாவிடம் நேராகவே கேட்டார்:
இந்த இடம் கெட்டதா?
சுவா தம் பிளாஸ்டிக் முகத்தைத் திருப்பி
கண்ணின் அடியில் விரல் வைத்தார்.
"எங்கள் கணக்கில் இது பிள்ளைகளின் வீடு."
"அங்கே மச்சம் இருந்தால்?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர்
கோப்பையை எடுத்தார்.
டீ ஆறுகிறது என்றார்.

மழை தூறத் தொடங்கியது.
கிருஷ்ணன் கோயில் வாசலில் ஊதுபத்தி பிடித்திருந்த சீனப் பெண்கள்
கையால் நெருப்பை மறைத்துக்கொண்டார்கள்.
மங்கையர்க்கரசி படத்தைச் சுருட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டார்.
ஜோகூருக்கா, வீட்டுச் சுவருக்கா, கேட்கவில்லை.
பதினைந்து வெள்ளியை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போனார்.

விரலைத் துடைத்துக்கொள்ளத் தாள் நீட்ட மறந்துவிட்டேன்.
அந்தக் கரியோடு
எந்த பஸ்ஸில், எந்த நிறுத்தத்தில்
கண்ணைத் துடைத்தாரோ.